‘வாங்க’ சொல்ல முடியாத ஊர்

மாடத்தி விலக்கு என்கிற ஊரில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண் பெண்களில் பாதிக்குமேல் ஆட்களுக்கு ‘வ’ என்கிற எழுத்து வாயைவிட்டுப் போனது ஒரு சித்திரை மாதத்துக் காலையில், கோவில்பட்டிக்குப் போகிற மினி பஸ் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான். இடி இடிக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை, மாடத்தியம்மன் யார் மேலும் இறங்கிக் காரணம் சொல்லவுமில்லை. டிரைவர் செண்பகராஜ் ஒரு பாட்டுப் போட்டான், எழுத்து போய்விட்டது, அவ்வளவுதான் சங்கதி.

செண்பகராஜைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பாட்டு வெளிவந்த காலத்தில் அவன் பிறக்கவே இல்லை. புதுப்பாட்டுப் போட்டால் வயசாளிகள் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையில் ‘எண்பதுகளின் இன்னிசை மழை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பென்டிரைவ் ஒன்றை வாங்கிவந்து சொருகினான். உரக்கடை குத்தாலிங்கத்தின் மனைவி கோமு அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆவணியில் மகன் கல்யாணம், சேலை பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

முதலில் மழையில் நனைந்துகொண்டே ஒருத்தி பாடுகிற பாட்டு வந்தது, அதைக் கேட்டதும் பின்சீட்டில் இருந்த ஆட்டு வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து சைக்கிள் மணியைத் தாளமாக வைத்த பாட்டு வந்தது, கண்டக்டர் ஆறுமுகம் டிக்கெட் கிழிப்பதை மறந்து கம்பியில் விரலால் மணியடித்தார். அதற்கடுத்து சாகப்போகிற கதாநாயகன் மலைமேல் நின்று பாடுகிற பாட்டு வந்தது, யாருடைய சாவுக்கும் அழாத பால் சொசைட்டி சரோஜா மூக்கைச் சீந்தினாள். பழைய பாட்டுக்கு அந்தக் குணம் உண்டு, நாம் கேட்ட இடத்தையும் கூட இருந்த ஆட்களையும் அன்றைக்குத் தின்ற பண்டத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். பஸ்ஸே இருபது வயதாகி, இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கோமுவுக்கும் தலைப்பிரசவத்துக்குப் பிறகு உதிர்ந்துபோன முடியெல்லாம் திரும்ப வந்துவிட்டதுபோல் இருந்தது.

அப்போதுதான் அது வந்தது. முதலில் உடுக்கை, பிறகு புல்லாங்குழல், பிறகு அந்தக் குரல்: “வ... வ... வ... வரப்போர மைனாவே...”

பஸ்ஸுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது, ஓடிய வேகத்திலேயே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் எல்லோரும் ரயில் வருகிறதா என்று ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் போனது, கேட் திறந்தது, ஆறுமுகம் “எங்க போகணும்?” என்று கேட்க, ஆட்டு வியாபாரி “வி... வி... வி...” என்றார். எங்கே என்றார் கண்டக்டர். “வி... வி...” என்று அவர் தொண்டை நரம்பு புடைத்ததே தவிர வில்லிசேரி வரவில்லை. கேலி பண்ணுகிறீர்களா என்று அதட்ட ஆறுமுகம் வாயைத் திறந்தார், “வெ... வெ... வெளாட்டா” என்பதற்குள் அவருக்கே வியர்த்துவிட்டது.

கோமு வாயைத் திறக்கவில்லை. சேலைக் கடையில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டபோது, வயலட் என்று சொல்ல நினைத்து, நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டதை அறிந்தாள். உடனே கத்தரிப்பூக் கலர் என்று சொல்லிவிட்டாள். அந்த நிமிஷத்திலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, காதிரண்டும் சுட்டது.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த படம், பொட்டி திரும்பிப் போன படம், ஆனால் பாட்டு ஓடியது. வெட்கத்தில் நாக்குத் தடுமாறும் கதாநாயகன் காதலியைப் பார்த்து மூன்று முறை தட்டி நாலாவது முறையில் சொல்லைப் பிடிப்பான். கதாநாயகனுக்குத் திக்கினால் அது அழகு, ஊரே கொண்டாடியது. மாடத்தி விலக்கில் கூடுதலாகக் கொண்டாடக் காரணம் பேச்சி. குத்தாலிங்கத்தின் தங்கை, பத்தொன்பது வயது, பிறந்ததிலிருந்து திக்குவாய். பேச்சியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று ஏற்கெனவே ஊருக்கு ஒரு சிரிப்பு இருந்தது. பாட்டு வந்தபிறகு அந்தச் சிரிப்புக்கு மெட்டும் கிடைத்துவிட்டது. அவள் குடத்தோடு போனால் டீக்கடையில் பாடினார்கள், கடைக்குப் போனால் சாமான் மடிக்கிறவர் பாடினார், தீப்பெட்டி ஆபீசில் வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்கிய பெண்பிள்ளைகள் தலைநிமிராமல் பாடினார்கள், ஹெட்மாஸ்டராக இருந்த சபாபதி சார்கூட அவளைத் தெருவில் கண்டால் செருமிவிட்டு முதல் வரியைப் பாடினார். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒருநாள் பம்பாய் தாராவியில் இட்லி வியாபாரம் செய்த சித்தி வீட்டுக்கு மாவாட்டப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள்.

‘வ’ போனவர்கள் முதலில் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உஷ்ணம் என்று மாத்திரை எழுதினார். பிறகு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், செண்பகராஜ் பென்டிரைவிலிருந்து பாட்டை அழித்தான், ஒன்றும் பலிக்கவில்லை. கஷ்டம் எவ்வளவு நாளைக்குக் கஷ்டமாக இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வெங்காயம் ஈருள்ளி ஆனது, வாழைப்பழம் வெறும் பழம் ஆனது, விபூதி திருநீறானது. வடை போடுகிற மாசானம் ‘ஓட்டை சூடா இருக்கு’ என்று கூவினார், அதற்கும் ஆள் வந்தது. வெள்ளிக்கிழமையை ‘நாளான்னைக்கு’, ‘நேத்து’ என்று எட்டி நின்று தொட்டார்கள். வட்டிக்கடைக்காரர் மட்டும் பாவம், தொழிலின் பெயரையே சொல்ல முடியாமல் கையை விரித்துக் காட்டி வியாபாரம் செய்தார். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், இவர்களால் அந்தப் பழமொழியைக்கூடச் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மாற்றுச் சொல் கிடைத்தது, ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. வாசலில் வந்து நிற்கிற ஆளை ‘வாங்க’ என்று சொல்லாமல் எப்படி உள்ளே கூப்பிடுவது? சோறு போடாமல் அனுப்பினால் மறந்துவிடுவார்கள், ‘வான்னு ஒரு வார்த்தை கேட்கலையே’ என்பதை மூன்று தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள். அண்ணன் தம்பி பிரிந்தது, சம்பந்திகள் முறைத்துக்கொண்டது, கட்டின பெண்ணைத் திரும்ப அனுப்பியது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான். அதனால் வீட்டுக்கு வீடு ‘நல்வரவு’ என்று எழுதின பிளாஸ்டிக் மிதியடி வாங்கிப்போட்டு, வந்தவர்களுக்குக் கட்டைவிரலால் சுட்டிக் காட்டினார்கள். பேரப்பிள்ளைகளை நடையில் நிறுத்திச் சொல்லவைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளித்து வணக்கம் சொல்கிற மின்சாரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது, அதை எழவு வீட்டுக்கும் இரவல் கேட்டார்கள்.

யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதுதான் தீராத பேச்சாக இருந்தது. ‘நல்ல பாட்டு, பாடினோம், அது தப்பா?’ என்று முதலில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஆனால் கோயில் கொடைக்குக் கொடை மேடையேறி அதே பாட்டைப் பாடிய கச்சேரிக்காரர் பக்கத்து ஊரில் வாயார வெற்றிலை போட்டுக்கொண்டு ‘வாங்க, வாங்க’ என்று நன்றாகத்தான் இருந்தார். நடவு நட்டபோது தன்பாட்டில் பாடின கிழவிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஊருக்கு விளங்கிவிட்டது: அவள் காதில் விழட்டும் என்று பாடியவர்களுக்குத்தான் போயிருக்கிறது. அதன்பிறகு தெருவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே கஷ்டமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு ‘உங்க அப்பாவ வழுவழுன்னு சொல்லச் சொல்லுங்க’ என்று கேட்டார்கள். பேரன் பேத்திகள் தாத்தாவின் வாயையே பார்த்தார்கள். சபாபதி சார் வாசற்கதவைச் சாத்திக்கொண்டார், பேப்பர் போடுகிறவன் ஜன்னல் வழியாகத்தான் போடவேண்டியிருந்தது.

இதில் கொம்பையா கதை தனி. அந்தக் காலத்தில் பாலத்துச் சுவரில் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருந்த மைனர். பேச்சியைப் பாட்டுப் பாடி விரட்டியது இவன்தான் என்று ஊர் முடிவுகட்டி, குத்தாலிங்கம் இவன் முன்பல்லை உடைத்து, இவனுக்கு யாரும் பெண் கொடுக்காமல் போனது. இப்போது பார்த்தால் கொம்பையாவுக்கு ‘வ’ அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். அவன் பஜாரின் நடுவில் நின்று “வாழைத்தாரு! வண்டிமாடு! வெள்ளரிக்கா! வெங்கலக்கும்பா!” என்று கத்தினான், கத்திமுடித்துத் தரையில் உட்கார்ந்து அழுதான். உரக்கடைக்கு வந்து, “குத்தாலிங்கம் அண்ணாச்சி, நான் பாடலன்னு அன்னைக்கே சத்தியம் பண்ணுனேன்லா?” என்று கேட்டான். குத்தாலிங்கம் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார், அவனுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஆனாலும் குத்தாலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. “பாத்தியாட்டி, ஊர்ல ஒரு தெரு பாக்கியில்ல. நம்ம வீடு மட்டுந்தான் சுத்தம். நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல பாரு.”

“ஆமாங்க,” என்றாள் கோமு.

அவள் வீட்டுக்குள்ளேயே ‘வ’ இல்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். வெந்நீரைச் சுடுதண்ணி என்றாள், வெளக்குமாற்றைப் பெருக்குமாறு என்றாள், வேலைக்காரியை “அம்மாடி” என்றாள். விருந்தாள் வந்தால் கைகூப்பிச் சிரித்து ஒதுங்கி நின்றாள். மகனுக்குச் சம்பந்தம் வந்ததும் அம்மாவுக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கம் பேசியது. பத்திரிகை வைக்கப் போன இடத்தில் “கல்யாணத்துல உங்களக் கட்டாயம் பாக்கணும்” என்றாள். ஒரு சொல்லைத் தாண்டுவதற்கு ஒரு நாளைக்கு எத்தனை சந்துபொந்து நுழைய வேண்டியிருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். பேச்சி பத்தொன்பது வருஷம் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாகச் சுற்றிச் சுற்றிப் போயிருப்பாள் என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தோன்றியது. களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

இத்தனை வருஷமும் தான் பிள்ளைக்குத்தான் பாடினோம் என்றே கோமு நம்பியிருந்தாள். அது முழுப்பொய்யும் இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் சொன்ன எதற்கும் யாரும் சிரித்ததில்லை, மாமியாருக்கு அவள் வைத்த குழம்பும் பிடிக்கவில்லை, நடந்த நடையும் பிடிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் குத்தாலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கோமு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள், தண்ணி கொண்டுவரச் சொன்னதற்குப் பேச்சி அடுப்படியிலிருந்து “வ... வ... வ...” என்று வந்துகொண்டே இருந்தாள். கோமு தொட்டிலைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, மெட்டோடு, “வரப்போர மைனாவே” என்று முடித்துவைத்தாள். குத்தாலிங்கத்துக்குப் புரையேறிச் சோறு மூக்கில் வந்துவிட்டது, அப்படிச் சிரித்தார். புருஷனைச் சிரிக்கவைத்துவிட்டோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் தித்தித்தது. மறுநாளும் பாடினாள், அடுத்த நாளும் பாடினாள், பிள்ளை நிஜமாகவே அதற்குத் தூங்கப் பழகிவிட்டான். பேச்சி அந்த அறையில்தான் பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

சிரித்தவர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் போகவில்லை என்பது கோமுவுக்கு விளங்கவில்லை. ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

பேச்சி தாராவியில் கல்யாணம் கட்டி, சொந்தமாக இட்லிக்கடை போட்டு, ஆள் வைத்து நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வெயிலைத் தவிர வேறு பருவமே இல்லாத ஊரில் வளர்ந்த அண்ணன் மகனுக்கு வருஷா வருஷம் கம்பளிச் சட்டை அனுப்புவாள், போன் பண்ணினால் அண்ணனைவிட மைனி கோமுவோடுதான் பேசுவாள். தாய் செத்ததற்கு ஒருமுறை வந்து, எடுத்தவுடனே கிளம்பினவள், கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஊர்ல எனக்குன்னு மிச்சமிருக்கது நீங்க ஒருத்திதான் மைனி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்லைக் கோமு நகைபோல் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது அதை நினைத்தாலே முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்கு அத்தை வந்தாக வேண்டும், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இல்லை, தாலித்தட்டு ஏந்த வேறு ஆள் இல்லை. குத்தாலிங்கம் போனில் தங்கையிடம் ஊர்க்கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார், பாடினவனுக்கெல்லாம் வாய் கட்டிப்போச்சு என்றார், நம்ம வீடு தப்பிச்சது என்றார். பிறகு போனைக் கோமுவிடம் கொடுத்தார்.

“நிஜமாவா மைனி?” என்றாள் பேச்சி.

“ஆமா பேச்சி.”

அந்தப் பக்கம் இட்லிக் கொப்பரை மூடுகிற சத்தம் கேட்டது. “அப்ப வ... வாரேன் மைனி. ஊரே வாசல்ல நின்னுட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாம முழிக்கும்லா, அதப் பாக்கணும். எனக்கு வான்னு சொல்லத்தான் நீங்க இருக்கியளே. அது போதும்.”

கோமு அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ‘வா’ என்று சொல்லாமல் நின்றால் முப்பது வருஷம் கழித்து நல்ல காரியத்துக்கு வருகிற நாத்தனாரை வாசலில் அவமானப்படுத்தினதாகும். திக்கிச் சொன்னால் அவளைப் பார்த்து மறுபடியும் அதே கேலி. அதோடு மிச்சமிருந்த ஒருத்தியும் அவளுக்கு இல்லையென்று ஆகிவிடும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான், ஆனால் அதன் குறுகுறுப்பு ஊருக்கே கேட்கும் என்று யார் கண்டார்? காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள், கல்யாண வீட்டில் தாய் படுத்தால் அபசகுனம். மகனை முன்னால் நிறுத்தலாமா என்றால் அவன் மண்டபத்தில் இருப்பான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வது, ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்துக்கொள்வது, வாயும் கையும் வேலையாக இருக்கும்போது தலையை ஆட்டி அழைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தினநாள் மூன்று மணி மினி பஸ்ஸில் பேச்சி வந்து இறங்கினாள். உடம்பு வைத்திருந்தது, மூக்குத்தி பெரிதாக இருந்தது, ஒரு கையில் பை, மறுகையில் போன். கடையில் மாவு புளித்துவிட்டது போலிருக்கிறது, இந்தியில் யாரையோ உரித்து உப்புக்கண்டம் போட்டுக்கொண்டே நடந்தாள். ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை, இந்தி அவள் வாயிலிருந்து மதகு திறந்ததுபோல் வந்தது. தெரு முழுக்க நடையில் வந்து நின்றது. ஆட்டு வியாபாரி கைகூப்பினார், சரோஜா மிதியடியைக் காட்டினாள், பஸ் படியில் நின்ற ஆறுமுகம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், சபாபதி சார் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி மின்னி மறைந்தது. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. பாலத்துச் சுவரிலிருந்து இறங்கி வந்த கொம்பையாதான் முன்பல் போன வாயைத் திறந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்க, “வாங்க அக்கா! நல்லாருக்கியளா? வாங்க!” என்றான்.

பேச்சி போனை அணைத்தாள். “நீ கொ... கொம்பையாதான?”

“ஆமாக்கா.”

அவள் அவன் வாயை, அந்த ஓட்டைப் பல்லைப் பார்த்தாள். “பாலத்துப் பக்கம் பாடுன சத்தமெல்லாம் உன்னுதுன்னு இத்தன நாளா உன்னையத்தான் வஞ்சுக்கிட்டே இருந்தேன்” என்றாள். அவன் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் குத்தாலிங்கம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். “வா பேச்சி, வா தாயி, மேல ஏறு.”

பேச்சி படியில் கால் வைக்கவில்லை. “நீங்க சொல்லியாச்சு அண்ணே. மைனி சொல்லட்டும்.”

கோமு ஆரத்தித் தட்டோடு நின்றாள். வாய் நிறைய வெற்றிலை. தலையை ஆட்டினாள், புருவத்தை உயர்த்தினாள், கண்ணால் உள்ளே காட்டினாள். பேச்சி சிரித்துக்கொண்டே நின்றாள், பையைக் கீழே வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் கோமுவின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் சந்தேகமே இல்லை, பண்டம் வாங்கித்தருவார்கள் என்று கடை முன்னால் நிற்கிற பிள்ளையின் சிரிப்பு. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்தது.

கோமு வெற்றிலையை விழுங்கினாள். காறலோடு தொண்டையில் இறங்கியது.

“வ...” என்றாள். “வ... வ...”

யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. குத்தாலிங்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். “வ... வ...” கோமுவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. யாராவது இந்தச் சொல்லை முடித்துவைக்கமாட்டார்களா என்று தெருவைப் பார்த்தாள், ஒருவரும் முடித்துவைக்கவில்லை. பேச்சியும் முடித்துவைக்கவில்லை. அவள் சொல்லைத்தான் வாழ்நாள் முழுக்க எல்லோரும் பாதியில் முடித்துவைத்தார்கள். அதனால் அவள் கோமுவை அவசரப்படுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், சொல் வருகிறவரைக்கும் வெயிலில் நின்றாள். சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல அடங்கியது.

“வ... வ... வா பேச்சி.”

பேச்சி வாசற்படியை ஒட்டி வந்தாள். தெருவுக்குக் கேட்காத குரலில், ஒரு தடையும் இல்லாமல் சொன்னாள்.

“ஊரெல்லாம் என்னையப் பாத்துப் பாடுது, எம் மைனி மட்டும் பிள்ளைக்குப் பாடுதாகன்னு நெனச்சேன். அதக் கேட்டுக்கிட்டுத்தான் மைனி அந்த வீட்ல நான் தூங்குனேன்.”

குத்தாலிங்கம் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கில் சோறு ஏறச் சிரித்த சிரிப்பு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு எந்த எழுத்தும் போகவில்லைதான், ஆனால் அன்று முழுவதும் அவர் பேசவில்லை. பேச்சி குனிந்து பையை எடுத்தாள், வலதுகாலை வைத்து உள்ளே போனாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. மறுநாள் தாலித்தட்டை ஏந்தி மண்டபம் முழுக்கக் கொண்டுபோய் எல்லோரிடமும் ஆசி வாங்கினாள், மருமகன் காலில் விழுந்தபோது மோதிரம் போட்டாள், பந்தியில் நின்று இலை பார்த்துப் பரிமாறினாள். ‘வ’ போனவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் முன்னால் நின்றார்கள், மன்னிப்பு என்ற சொல்லில் ‘வ’ இல்லை, ஆனாலும் அதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றி அனுப்பினாள். கோமுவையும் மைனி என்றுதான் கூப்பிட்டாள், எண்ணெய்ச் சட்டி எங்கே மைனி என்றாள், பூ பத்துமா மைனி என்றாள். மரியாதையில் ஒரு குண்டுமணி குறையவில்லை. கோமு அவள் பின்னாலேயே திரிந்தாள், தனியாகக் கிடைத்தால் சொல்லிவிடலாம் என்று. தனியாகக் கிடைத்தபோதும் சொல்லவில்லை, என்ன சொல்வது? புருஷன் சிரிக்கவேண்டுமென்று செய்தேன் என்றா?

சாயங்காலம் மினி பஸ் ஹாரன் அடித்தது. பேச்சி பையோடு வாசலில் வந்து நின்றாள். எழவு வீட்டைத் தவிர வேறெங்கிருந்து கிளம்பினாலும் நம் ஆட்கள் போறேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள், போயிட்டு வாரேன் என்பார்கள், வராமலே போகிறவர்களும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். பேச்சி அண்ணனைப் பார்த்தாள், மருமகளின் கன்னத்தைத் தடவினாள், பிறகு கோமுவிடம் திரும்பினாள்.

“போறேன் மைனி,” என்றாள். திக்கவில்லை.

கோமு இரண்டு கையாலும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“போயிட்டு...” என்றாள். “போயிட்டு... வ... வ...”

மிச்சமிருந்த அந்த ஒற்றை எழுத்துக்காகப் பேச்சி இந்தமுறை நின்று பார்க்கவில்லை.